முட்டை உருளாத தட்டு

கலைக்களஞ்சியத்தின் மேல் சுண்டல் பரிமாறப்பட்ட செவ்வாய்க்கிழமையன்று சாம்பலோடை நடுநிலைப்பள்ளியில் யாரும் எதற்கும் ஆச்சரியப்படவில்லை, ஏனென்றால் மேலிடத்திலிருந்து எந்தப் பொருளும் கேட்டபடி வந்து அந்த ஊர் பார்த்ததில்லை: கூரைக்கு ஓடு கேட்ட வருஷம் உலக உருண்டை வந்தது, உலக உருண்டை கேட்ட வருஷம் கால்பந்து வந்தது, கால்பந்து கேட்ட வருஷம் பந்து இல்லாமல் காற்றடிக்கிற பம்பு மட்டும் வந்தது, ஆகவே சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குச் சின்னத் தட்டு வேண்டுமென்று மூன்று வருஷமாக எழுதிப் போட்டுக்கொண்டிருந்த சத்துணவு மாடத்திக்கு, கண்ணாடிபோல மின்னுகிற, நடுவில் ஓட்டை விழுந்த இருபத்துநான்கு தட்டுகள் வந்து சேர்ந்தபோது, ஓட்டையைத் தவிர மற்றதெல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று நிம்மதிதான் வந்தது.

அந்தப் பெட்டி நியாயப்படி நூலகத்துக்கு வந்தது. அலுவலகத்தில் யாரோ ஒரு தட்டச்சுக்காரர், குறுந்தகடு என்று அடிப்பதா குறுவட்டு என்று அடிப்பதா என்று தீர்மானிக்க முடியாமல், சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டபடியால் இரண்டையும் குழைத்துப் பெட்டிச் சீட்டில் 'குறுந்தட்டு – 24' என்று அடித்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். தலைமையாசிரியர் ஞானதிரவியம் முன்னாள் தமிழாசிரியர். குறு என்றால் சிறிய, தட்டு என்றால் தட்டு, இதில் என்ன சந்தேகம் என்று பதம் பிரித்து, பெட்டியைச் சத்துணவுப் பதிவேட்டில் எழுதி, மாடத்தியிடம் தள்ளிவிட்டார்.

சோறு பழைய டப்பாவில். சுண்டலும் முட்டையும் புதுத் தட்டில். முட்டையை வைத்தபோதுதான் ஓட்டையின் அருமை தெரிந்தது. அவித்த முட்டை தட்டின் நடுவில், ஓட்டைமேல் குந்தி, உருளாமல் நின்றது. அதுவரை ஒரு நாளைக்கு நாலைந்து முட்டையாவது மணலில் உருண்டு, நாலைந்து பிள்ளைகளாவது அழும். "கவர்மெண்டுல ஒருத்தனாவது பிள்ளைங்க சாப்பிடுறதைப் பக்கத்துல உக்காந்து பார்த்திருக்கான்," என்று மாடத்தி கண்கலங்கினாள். நாலாம் வகுப்புப் பனிமேரி, பள்ளியில் சேர்ந்ததிலிருந்து 'உள்ளேன் டீச்சர்' தவிர வேறொன்றும் பேசியறியாத பிள்ளை, மஞ்சள் கருவை நக்கி முடித்து, தட்டைத் திருப்பிப் பார்த்து, "நீலத் திமிங்கிலத்துக்கு நாக்கு மட்டும் ஒரு யானை கனம் இருக்கும்," என்றாள்.

"சரி, கையைக் கழுவு," என்றாள் மாடத்தி.

இது நடந்தபோது வடிவாம்பிகை நூலக அறையில் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுத் தன் டப்பாவிலிருந்து எலுமிச்சைச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வடிவு டீச்சர் என்பார்கள், டீச்சர் அல்ல. நூலகப் பொறுப்பாளர், தொகுப்பூதியம், ஒவ்வோர் ஏப்ரலிலும் 'மேலும் ஓராண்டுக்கு' என்று ஒரு கடிதம் வந்தால்தான் ஜூனில் நாற்காலி. பதினோரு கடிதம் வந்துவிட்டது. உப்பளத்துக் காற்று மூன்று பீரோக்களின் பூட்டையும் தின்றுவிட்ட அந்த அறையில், துண்டு போர்த்திய ஒரே ஒரு கம்ப்யூட்டரை அவள் தினமும் துடைத்து வைத்திருந்தாள், நாலு வருஷமாக வரப்போகிறது வரப்போகிறது என்று சொல்லப்பட்ட இருபத்துநான்கு தகட்டுக் கலைக்களஞ்சியத்துக்காக. அது வந்து, அதில் சுண்டல் வைத்து, மாடத்தி அதைச் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்தும் வைத்துவிட்டாள் என்பது வெள்ளிக்கிழமைதான் வடிவுக்குத் தெரிந்தது. அதற்குள் ஊருக்கே வேறொன்று தெரிந்துவிட்டது.

தட்டின் முதுகில் எழுத்து இருந்தது. 'க' தட்டில் தின்ற பிள்ளைக்குக் கங்காரு முதல் கௌதாரி வரை தெரிந்தது. 'ம' தட்டுக்காரி மண்ணீரல் எங்கே இருக்கிறதென்று அப்பாவின் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். 'ஞ–ட' தட்டில் தின்ற பையன்தான் பாவம், நம் மொழியில் அங்கே அதிகம் சரக்கில்லை, டைனோசர் ஒன்று இருந்ததால் மானம் தப்பித்தான். ஒரு வாரத்தில் சாம்பலோடை இதற்குப் பழகிவிட்டது. பம்பு ரிப்பேர்காரர் 'வ' பிள்ளையைத் தேடி வால்வு பற்றிக் கேட்டுவிட்டுப் போனார். டீக்கடையில் வாக்குவாதம் முற்றினால், "இரு, அந்த 'ர' பிள்ளை வரட்டும்," என்று டம்ளரைக் கீழே வைத்தார்கள். பிள்ளைகள் இடைவேளையில் 'ப'வுக்கு 'த' என்று தட்டு மாற்றிக்கொண்டார்கள். ஒரு 'க'வுக்கு மூன்று 'ஞ–ட' என்று பேரம் நடந்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. உப்புத்தண்ணீர் வெயிலில் கிடந்தால் உப்பு ஆகிறது, அதை யார் கேட்டார்கள்? அதிசயத்துக்கு வாழ்த்துப் பாடவும் யாருக்கும் தெம்பில்லை. முறைப்பட்டியல் போட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். திங்கள் யாருக்கு எது, செவ்வாய் யாருக்கு எது. பட்டியல் போட்டது வடிவு. அவளுக்குத்தான் எழுத்து அழகாக வரும், வேறு வேலையும் இல்லை.

"சார், அது நூலகத்துக்கு வந்தது," என்று அவள் ஒருதரம் போய் நின்றாள்.

ஞானதிரவியம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பதிவேட்டுல தட்டுன்னு ஏறிருச்சு வடிவு. ஏறினதை இறக்கணும்னா நாலு கடுதாசி, நாலு கடுதாசிக்கு நாப்பது விளக்கம். முட்டை உருளாம நிக்குதுல்லா? விடும்மா."

அவள் விட்டுவிட்டாள். சண்டை போடத் தெரியாமல் இல்லை. கல்லூரியில் பேச்சுப்போட்டியில் கோப்பை வாங்கியவள். பதினோரு ஏப்ரல்கள் ஒரு மனுஷியை என்ன செய்யும் என்பதை எந்தத் தட்டிலும் எழுதவில்லை, அதனால் ஊருக்குத் தெரியாது.

மூன்றாவது வாரம் மேலத்தெரு வந்தது. மேலத்தெருப் பிள்ளைகள் பள்ளியில் சாப்பிடுவதில்லை. வீட்டிலிருந்து டப்பா வரும். காரணம் கேட்டால் 'உடம்புக்கு ஒத்துக்காது' என்பார்கள். மாடத்தியின் கை பட்டதுதான் ஒத்துக்கொள்ளாதது என்பதை, பண்பானவர்கள் ஆகையால், ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. கடைக்காரர் தாணுலிங்கம் தன் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு சமையல்கூடத்து வாசலுக்கு வந்தார், படியேறாமல் நின்றார்.

"எங்க பையனுக்கு அந்த 'ம' தட்டை ஒதுக்கிரு மாடத்தி. கழுவுற சிரமம் ஒனக்கு வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுபோய் நாங்களே வச்சிக்கிடுதோம், நாங்களே கழுவிக்கிடுதோம்."

"கொண்டு போங்க அண்ணாச்சி," என்றாள் மாடத்தி.

கொண்டுபோனார்கள். முந்திரிப்பருப்பு போட்டுப் பாயசமே அதில் ஊற்றிக் கொடுத்தார்கள், ஓட்டையில் பாதி ஒழுகியது போக. மறுநாள் பையனுக்கு வயிற்றுப்போக்கைத் தவிர புதிதாக எதுவும் தெரியவில்லை. தட்டு திரும்பி வந்தது, பின்னாலேயே தாணுலிங்கமும்.

"தட்டு என்ன செய்யும் அண்ணாச்சி? வரிசையில சம்மணம் போட்டு, நான் கரண்டியால வச்சு, பக்கத்துப் பிள்ளை முழங்கை இடிக்கத் திங்கணும். அதான் அதோட முறை. நேத்துவரைக்கும் நான் வச்ச சோறு தொண்டையில இறங்கலை. இன்னைக்கு இறங்கும்னா உக்காரச் சொல்லுங்க. எனக்கு எல்லாப் பிள்ளையும் பிள்ளைதான்."

பையன் உட்கார்ந்தான். நாலு நாளில் மேலத்தெருவே உட்கார்ந்தது. கதவு இடுக்கு வழியாக இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த வடிவுக்கு மனசுக்குள் கைதட்ட வேண்டும்போல இருந்தது, தட்டியும்விட்டாள், பிறகு கையில் இருந்த கரண்டியையும் மடியில் இருந்த டப்பாவையும் பார்த்தாள். அவள் வீடும் மேலத்தெருவில்தான்.

அந்த வாரம் பனிமேரியின் முறை 'ப'வில் விழுந்தது. சாப்பிட்டுவிட்டு அவள் நேரே உப்பளத்துக்கு ஓடினாள். அவள் அம்மா ஜெபக்கனி இருபத்திரண்டு வருஷமாக உப்பு வாருகிறவள். வெயிலடித்த உப்புப் பாத்தியைப் பார்த்துப் பார்த்துக் கண்ணில் நெருப்பு விழுந்ததுபோலாகி, பொழுது சாய்ந்தால் மகள் முகம் தெரியாமல், குரலை வைத்துத்தான் பிள்ளையை அடையாளம் காண்கிறவள்.

"எம்மா, பனிக்குருடுன்னு ஒண்ணு இருக்காம். பனிக்கட்டி தேசத்துல வெயில் பட்டு வெள்ளை கண்ணுல அடிக்குமாம். அவிய எலும்புல பட்டை செஞ்சு, கோடு மாதிரி சின்னதாக் கீறி, கண்ணுல கட்டிக்கிடுவாவளாம்."

"அந்தத் தேசத்துல வெயில் வேற அடிக்கா?" என்றாள் ஜெபக்கனி. மறுநாள் பனைமட்டையைச் சீவி, கண்ணுக்கு நேராக இரண்டு கீறல் போட்டு, நூல் கோத்துக் கட்டிக்கொண்டு பாத்தியில் இறங்கினாள். கங்காணி சிரித்தான். பத்து நாளில் நாற்பது பெண்கள் பனைமட்டைக் கண்ணோடு வரிசையாகக் குனிந்து நின்றார்கள், சாலையில் போகிற லாரிக்காரர்கள் என்ன சாமி கொடை விழா இது என்று வண்டியை நிறுத்திக் கேட்டார்கள். "அந்தி வந்தா இப்பம் தலை வலிக்கலை," என்று ஜெபக்கனி வடிவிடம் வந்து சொன்னாள், தட்டு நூலகத்துக்கு வந்ததென்று எப்படியோ தெரிந்துகொண்டு, நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிட வேண்டுமே என்று. பதினோரு வருஷத்தில் அந்த அறைக்குள் வந்து ஒருத்தி நன்றி சொன்னது அதுதான் முதல்தடவை. வடிவு எழுந்து நின்றாள். "உக்காருங்க," என்றாள், உட்கார அங்கே இன்னொரு நாற்காலி இல்லை.

பிறகு சுற்றறிக்கை வந்தது.

ஒவ்வொரு பள்ளி நூலகமும் குறுந்தகடு, இணையவழி ஆகிய இரண்டில் ஒன்றை மட்டும் தேர்ந்து, உரிய கட்டத்தில் குறியிட்டு, மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். குறுந்தகடு எனில், தகடுகள் பீரோவில் வைத்து முத்திரையிடப்படும். பொறுப்பாளர் முன்னிலையில் வாரம் ஒரு மாணவர் பார்க்கலாம். இணையவழி எனில், தகடுகள் திரும்பப் பெற்று அழிக்கப்படும். கடவுச்சொல் பின்னர் அனுப்பப்படும். பொறுப்பாளர் பணியிடம் தேவையற்றதாகக் கருதப்படும்.

ஞானதிரவியம் பெற்றோரைக் கூட்டினார். தாணுலிங்கம் எழுந்தார். "நெட்டுதான் சார். தட்டுல இருக்கது பூரா பழைய சங்கதி. எம்பையன் சொல்லுத மந்திரி செத்துப் பத்து வருஷமாச்சு."

"உங்க வீட்ல போன் மூணு," என்றாள் ஜெபக்கனி, பனைமட்டையை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு. "எங்க வீட்ல ஒண்ணு, அதுவும் அவரு சட்டைப்பையில காலையிலேயே போயிரும். டவரு துருப்பிடிச்சுக் கொக்கு கூடு கட்டியிருக்கு. எம்பிள்ளை எதுல பாக்கும், கொக்குகிட்டயா?"

கூட்டம் சிரித்தது. வடிவு சிரிக்கவில்லை. இரண்டு பேர் சொல்வதும் சரி என்பதுதான் அவளை வதைத்தது. தட்டு பழசு, உண்மை. இணையம் எட்டாது; அதுவும் உண்மை. புதுசை வீட்டுக்கு ஒரு வழியில் அனுப்பு, பழசைக் கையில் இருக்க விடு, இரண்டையும் கொடுத்தால் என்ன குடிமுழுகிப் போய்விடும் என்று கேட்க அந்தத் தாளில் ஒரு கட்டம் இல்லை. சாப்பாட்டுத் தட்டைப் பீரோவில் பூட்டு, இல்லாவிட்டால் உடைத்துப் போடு. இதற்குப் பெயர் தேர்வு. பூட்டச் சொன்னால் அவளுக்கு வேலை இருக்கும், பிள்ளைகளுக்கு வாரம் ஒருத்தர். உடைக்கச் சொன்னால் அதுவும் இல்லை, இதுவும் இல்லை.

கூட்டம் கலைந்தபின் மாடத்தி தட்டைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்: "டீச்சர், ரெண்டு கட்டத்தைப் போட்டு ஒண்ணைத் தொடுன்னு சொல்லுதான், நீங்களும் வாங்கி மடிச்சு வச்சிருக்கீய. சோத்துல உப்புப் போட்டுத்தான் சாப்பிடுதீயளா?"

"போடுதேன்க்கா. அலுப்பா இருக்கு."

"அலுப்பு எனக்கும்தான் இருக்கு. நான் தேய்க்கலையா?"

மாதக் கடைசி வியாழனன்று ஆய்வாளர் வந்தார். வெயிலில் வெந்து, சட்டை முதுகோடு ஒட்டி, கையில் இன்னும் ஏழு பள்ளிகளின் தாள்களோடு. மாடத்தி தட்டுகளை ஈரம் துடைத்து அடுக்கிக் கொடுத்தாள். சாம்பல் தேய்த்த தேய்ப்பில் ஓரத்து வெள்ளி உரிந்து, சில தட்டுகள் அந்தப்பக்கம் தெரிகிற கண்ணாடியாகவே ஆகியிருந்தன. 'ப' தட்டுத்தான் அதிகம் தேய்ந்தது. எல்லாருக்கும் அது வேண்டியிருந்தது. ஆய்வாளர் அதையே எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டார். வடிவு பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டியதும் திரை எரிந்தது.

பனிக்கரடி இல்லை, பனிப்பாறை இல்லை, பனிக்குருடு இல்லை. பிள்ளைகள் தின்று தீர்த்துவிட்டிருந்தார்கள். அந்த இடத்தில் வேறு எழுத்து இருந்தது:

உப்புக்குருடு: உப்பளத்து வெள்ளையை நெடுங்காலம் பார்ப்பதால் வருவது. பார்க்க: ஜெபக்கனி.

ஜெபக்கனி: சாம்பலோடை. இருபத்திரண்டு வருஷம் வெள்ளையைப் பார்த்தவர். அந்தியில் மகளைக் குரலால் அறிவார். பார்க்க: பனிமேரி.

பனிமேரி: முன்பு பேசமாட்டாள்.

வடிவு கையைத் திரையின் ஓரத்தில் வைத்துக்கொண்டு நின்றாள். நாலு வருஷம் அவள் காத்திருந்தது இதற்கல்ல. ஆனால் நாற்பது வருஷம் காத்திருந்தாலும் இது வந்திருக்காது.

ஆய்வாளர் முகம் சுளித்தார். "இது 'ப' தகடும்மா. இதுல 'உ' எப்படி வரும்?"

"அதுதான் சார் உங்க கேள்வியா?"

"அகரவரிசை தப்புது. பழுதான தகடு. மேல அனுப்பினா அழிச்சுட்டு ஒழுங்கா எழுதித் தருவாங்க."

வடிவுக்குள் பதினோரு வருஷமாக மடித்து வைத்திருந்த ஏதோ ஒன்று பிரிந்தது. "சார், உங்க போன்ல தேடுங்க. உப்புக்குருடுன்னு போடுங்க. பார்ப்போம், இணையத்துல என்ன இருக்குன்னு."

அவர் நல்ல மனுஷன்தான். போனைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மதில்வரை போனார், மதில்மேல் ஒரு கால் வைத்தார், கொக்குக்கூட்டின் பக்கம் சாய்ந்தார். ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது. திரும்பிவந்து போனை அவளிடம் நீட்டினார்.

நீங்கள் தேடுவது 'பனிக்குருடு' தானா?

"பார்த்தீங்களா சார்? கேக்குற பாவனையைப் பாருங்க. நாங்க எங்க கண்ணைச் சொன்னா, இல்லம்மா, நீ சொல்ல வந்தது பனிக்கட்டிதான்னு திருத்துது. உங்க தகடும் இதைத்தான் செஞ்சது, பிள்ளைங்க தின்னு முடிக்கிறவரைக்கும். இப்பத்தான் முதல்தடவையா எங்க ஊர் பேர் ஒரு கலைக்களஞ்சியத்துல இருக்கு, அதையும் அழிச்சுட்டு ஒழுங்கா எழுதித் தர்றேங்கிறீங்க. எதை சார் ஒழுங்குங்கிறீங்க?"

ஆய்வாளர் மேஜைமேல் உட்கார்ந்துவிட்டார், நாற்காலி ஒன்றுதான் இருந்ததால். "நீங்க சொல்றது நியாயம்," என்றார், நியாயத்தால் மிகவும் களைத்துப்போனவர்போல. "எனக்கு ரெண்டு கட்டம்தான் கொடுத்திருக்காங்க. இன்னும் ஏழு பள்ளிக்கூடம் இருக்கு. ஏதாவது ஒண்ணு எழுதிக் குடுங்க."

ஏதாவது ஒன்று. வடிவு தாளை மேஜையில் விரித்தாள். குறுந்தகட்டில் குறியிட்டால் அடுத்த ஏப்ரலிலும் கடிதம் வரும். இந்த நாற்காலி, இந்தத் துண்டு, முத்திரையிட்ட பீரோ. ஜன்னல் வழியே பிள்ளைகள் கை கழுவ வரிசையில் நிற்பது தெரிந்தது, அதற்கப்பால் உப்பு, உப்பில் குனிந்த நாற்பது பனைமட்டைகள். பேனாவைத் திறந்து இரண்டு கட்டத்தையும் குறுக்கே கோடிட்டு அடித்து, கீழே அழகான கையெழுத்தில் எழுதினாள்:

இப்பள்ளி நூலகத்துக்குக் குறுந்தகடு எதுவும் வரவில்லை. வந்தவை குறுந்தட்டு இருபத்துநான்கு, தங்கள் அலுவலகச் சீட்டின்படியே. அவை சத்துணவுப் பதிவேட்டில் உள்ளன. நாள்தோறும் பயன்பாட்டில் உள்ளன. இணைய வசதி இல்லை. ஆகவே தேர்வதற்கு இந்நூலகத்தில் ஒன்றுமில்லை.

ஆய்வாளர் இருமுறை படித்தார். சீட்டை வாங்கிப் பார்த்தார். 'குறுந்தட்டு' என்றுதான் இருந்தது. "ஒண்ணுமே இல்லைன்னா நூலகமே இல்லைன்னு ஆகும். உங்க பணியிடம்..."

"தெரியும் சார்."

"தட்டு எங்க இலாகா இல்லை," என்றார் அவர் மெதுவாக, ஒரு கோப்பு குறைந்த ஆறுதலோடு. 'ப' தட்டைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து, சட்டையில் துடைத்து, மாடத்தியிடம் அவரே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் போனார்.

உத்தரவு வர ஒரு மாதமானது. நூலக அறை சத்துணவு அரிசி மூட்டை வைக்க ஒதுக்கப்பட்டது. கடைசி நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. வடிவு பதினோரு கடிதங்களையும் பையில் போட்டு, கம்ப்யூட்டரின் துண்டை உதறி மடித்து, வெளியே வந்தபோது பிள்ளைகள் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மாடத்தி கரண்டியோடு நிமிர்ந்தாள்.

"பதினோரு வருஷம் டீச்சர். மத்தவங்க வாசப்படியில நின்னாவது ஒத்துக்காதுன்னு சொன்னாவ. நீங்க கதவைச் சாத்திக்கிட்டுத் தின்னீய."

வடிவுக்குப் பதில் இருந்தது. உடம்புக்கு ஒத்துக்காது என்ற அந்தப் பதில் பதினோரு வருஷமாகத் தயாராகவே இருந்தது. அவள் பையைச் சுவரோரம் வைத்தாள், செருப்பைக் கழற்றினாள், பனிமேரிக்கும் தாணுலிங்கத்தின் மகனுக்கும் நடுவில் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். தேய்ந்து கண்ணாடியாகிவிட்ட 'ப' தட்டு முன்னால் வந்தது. சுண்டல் விழுந்தது. முட்டை நடுவில் குந்தியது, உருளவில்லை. பனிமேரியின் முழங்கை அவள் விலாவில் இடித்தது.

வரிசை முழுக்க அவள் வாயையே பார்த்தது, டீச்சருக்கு என்ன தெரியப்போகிறதென்று. மூன்று பக்கமும் உப்பு வெள்ளையாய்க் குவிந்து கிடந்தது. வடிவு மென்றாள், விழுங்கினாள், இன்னொரு வாய் எடுத்தாள்.

"அக்கா," என்றாள், "சுண்டல்ல உப்பே இல்லை."

"பதினோரு வருஷமா பிள்ளைங்க அதான் சொல்லுது," என்று மாடத்தி உப்பு டப்பாவை எடுக்கப் போனாள்.